பழைய அட்வென்ச்சர் கேம்களை மொபைலில் விளையாட முடியுமா?

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரில் விளையாடிய அட்வென்ச்சர் கேம்களை ஆண்ட்ராய்டு போனில் விளையாட முடியுமா, அதற்கு விலை உயர்ந்த போன் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், சாதாரண போனே போதும். வேளச்சேரி பறக்கும் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் நான் விளையாடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

சாதாரண போன் போதும் என்பதற்குக் காரணம், அந்த கேம்கள் உருவான விதம். 1987-இல் ‘மேனியாக் மேன்ஷன்’ கேமுக்காக ரான் கில்பர்ட் குழுவினர் ஸ்கம் என்ற ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினர். கேம் முழுவதும் அந்த மொழியில் இருக்கும். அதைப் படித்து இயக்கும் இன்டர்பிரெட்டரை மட்டும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனியாக எழுதிக்கொள்வார்கள். இன்ஃபோகாம் நிறுவனம், கட்டளைகளை டைப் செய்து விளையாடும் தன் எழுத்துவழி கேம்களுக்காக 1979-லேயே இசட்-மெஷின் என்ற பெயரில் இதே வழியைக் கண்டிருந்தது. 2001-இல் தொடங்கிய ஸ்கம்விஎம் திட்டம் ஸ்கம் மொழிக்கான இன்டர்பிரெட்டரைப் புதிய கருவிகளிலும் ஓடும்படி புதிதாக எழுதியது. பழைய கம்ப்யூட்டரையே போலச் செய்துகாட்டும் எமுலேட்டரின் சுமை இதில் இல்லாததால் பேட்டரியும் அதிகம் செலவாகாது.

ஸ்கம்விஎம் செயலி இலவசம். ஆனால் கேமின் கோப்புகள் உங்களிடம் இருக்க வேண்டும். ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’, ‘ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குயின்’ போன்றவற்றை உரிமையாளர்களே இலவசமாக்கிவிட்டதால், திட்டத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ரிச்சி தெருவில் வாங்கிய அசல் சிடி பீரோவில் கிடந்தால் அதிலுள்ள கோப்புகளும் பயன்படும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘மங்கி ஐலண்ட்’ முதல் பாகத்தின் சிடி பதிப்பில் இசை, பாட்டு சிடியில் இருப்பதைப் போலத் தனி ட்ராக்குகளாக இருக்கும். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் கேம் ஓடும், இசை வராது. அந்த ட்ராக்குகளை எம்பி3-யாக மாற்றி, வரிசை எண்ணுடன் பெயரிட்டு, அதே ஃபோல்டரில் வைக்க வேண்டும்.

உண்மையான தொல்லை விரல்தான். 320-க்கு 200 பிக்சல் திரைக்காக வரைந்த படத்தில், தரையில் கிடக்கும் சாவி நான்கைந்து பிக்சல் அகலம்தான் இருக்கும். விரலை வைத்தால் சாவியும் தெரியாது, சுற்றியுள்ள தரையும் தெரியாது. ஆகவே நேரடித் தொடுதலை விட்டுவிட்டு டச்பேட் முறைக்கு மாறிவிடுங்கள். திரையின் எந்த மூலையில் விரலை நகர்த்தினாலும் அம்புக்குறி அதற்கேற்ப நகரும், தட்டினால் கிளிக் ஆகும். ரைட் கிளிக்குக்கு இரண்டு விரல்கள்.

எழுத்துவழி கேம்களுக்கு ஃப்ராட்ஸ் போன்ற இன்டர்பிரெட்டர்கள் உண்டு. வடக்கே போக ‘என்’ என்ற ஓர் ஆங்கில எழுத்தே போதும் என்றாலும், கீபோர்டு பாதித் திரையை அடைத்துக்கொள்வதால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பயணத்துக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

செயலியை நீக்கினால் சேவ் செய்தவையும் சேர்ந்து அழிந்துபோகலாம். ஸ்கம்விஎம் அமைப்புகளில் கூகுள் டிரைவ் அல்லது டிராப்பாக்ஸ் கணக்கை முதல் நாளே இணைத்துவிடுங்கள். போன் மாற்றினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.