கேம்பராக மாற்றிய மினி லாரியில் ராமநாதபுரம் கடலோரம் முழுக்கச் சுற்ற முடியுமா?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, லாட்ஜ் எடுக்காமல் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்துப் போய் வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நானும் என் மனைவியும் அப்படித்தான் போகிறோம். எங்களுடையது பின்னால் பெட்டி கட்டிய அசோக் லேலண்ட் தோஸ்த் மினி லாரி. சாலையைப் பற்றிக் கவலை வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி என்று சாயல்குடி வரை கொண்டுபோய் விட்டுவிடும். வண்டி கட்டுகிற எல்லாரும் கட்டில், சோலார், ஃப்ரிட்ஜ் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இந்தக் கரைக்குப் போகிறவர்கள் தண்ணீரில் ஆரம்பிக்க வேண்டும்.

கடலோர ஊர்கள் பலவற்றில் நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது என்றாலும், அது வரும் நேரத்துக்காகக் குடங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறவர்களும் நிறைய. அந்த வரிசையில் நம் ஹோஸை நீட்டுவது நியாயமே இல்லை. பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ காசு கொடுத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் கடல் பக்கம் இறங்க வேண்டும்.

தனுஷ்கோடி பக்கம் போனால் ஊற்று எடுப்பதைப் பாருங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலில் ஒரு குழி. ஒரு அக்கா அதில் குனிந்து, சின்னக் கிண்ணத்தால் மேலாக வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவார். வேகமாக மொண்டால் மணல் கலங்கும். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது. மணலுக்குள் அதன்மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. 1964 டிசம்பர் புயலில் ஊரே போன இடத்தில் இன்றைக்கும் குடிசை போட்டு மீன் பிடிக்கிற குடும்பங்களுக்கு இந்த அடுக்கு பெரிய ஆதரவு. நம் வண்டியின் சோப்புத் தண்ணீரை அந்த மணலில் திறந்துவிட்டால் அது போய்ச் சேருவது அந்தக் குடத்துக்குத்தான். அதனால் கழிவு நீருக்குத் தனித் தொட்டி கட்டாயம். கழிப்பறையும் எடுத்து அப்புறப்படுத்துகிற மாதிரி இருக்கட்டும். இதில் மட்டும் சமாதானமே செய்துகொள்ளாதீர்கள்.

இரண்டு பேருக்கு 200 லிட்டர் இருந்தால், கடலில் குளித்துவிட்டு உப்பு அலசுவதையும் சேர்த்து, சிக்கனமாக மூன்று நான்கு நாள் ஓடும். அது 200 கிலோ எடை என்பதை மறக்க வேண்டாம். ஒரே பெரிய தொட்டியாக வைத்தால் பாதி காலியானதும் வளைவில் தண்ணீர் அலைபாய்ந்து வண்டியை இழுக்கும். நூறு நூறாக இரண்டு, பின் அச்சுக்கு முன்னால், எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ. கூரைமேல் மட்டும் வைக்காதீர்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு மேலே எடை ஆகாது.

காற்றைச் சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்தில் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது தெற்குக் கரையில் மணல் பறந்து சாப்பாட்டில் விழும். அப்போது தேவிபட்டினம், அரியமான் பக்கம் கடல் குளம் போலக் கிடக்கும். வாடை தொடங்கியதும் அப்படியே தலைகீழ். ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர் பக்கம் நகர்ந்துவிடுவோம். முதல் தடவை என்றால் அரியமானில் தொடங்குங்கள். சவுக்கு நிழல் இருக்கிறது, ஆட்களும் வருவார்கள்.

சாலையை விட்டு இறங்கும்போது எனக்கு மணலைவிட சீமைக் கருவேல முள்தான் பயம். விறகு வெட்டிப் போட்ட இடத்தில் காய்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். டயரில் ஏறியதும் காற்று இறங்காது. முள் உள்ளேயே ஒடிந்து நின்று, மறுநாள் காலையில்தான் சக்கரம் சப்பையாக இருக்கும். படுக்கும் முன் டார்ச் அடித்து நான்கு டயரையும் கையால் தடவிப் பார்ப்பது எங்கள் வழக்கம். சின்ன கம்ப்ரஸர் ஒன்று வைத்திருந்தால் மணலில் காற்றைக் குறைத்து ஏறி, தார்ச் சாலைக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

எந்தக் கரையும் ஆளில்லாத கரை இல்லை. படகு இழுக்கிற இடம், வலை காயப்போடுகிற இடம் எல்லாம் ஊருக்குத் தெரிந்த இடங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய், வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "ஐயா, ராத்திரி மட்டும் இங்கன வண்டிய நிப்பாட்டிக்கிறலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே நல்ல இடம் காட்டுவார். எல்லைக் கடல் என்பதால் கடலோரப் போலீஸ் வந்து விசாரிப்பது சகஜம்; ஆதார், ஆர்சி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், ட்ரோனை வீட்டில் வைத்துவிடுங்கள். தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் தங்க விடமாட்டார்கள், அரிச்சல்முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, படகுக்காரர் கூப்பிட்டாலும் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள்.

கடைசியாக, பெட்டி கட்டக் கொடுப்பதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவில் இருப்பதிலிருந்து வண்டியை மாற்ற முன் அனுமதி வேண்டும். மாற்றியதை ஆர்சியில் ஏற்றி, இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எந்த வண்டி என்று முடிவு செய்துவிட்டால் கமெண்ட்டில் சொல்லுங்கள், தொட்டியை எங்கே பொருத்தலாம் என்று படம் போட்டு அனுப்புகிறேன்.