மூன்று நாள் தண்ணீர் நிற்கிற பாத்தியில் மணல் கொட்டலாமா?

கொடுங்கையூர் வீட்டுப் பின்பக்கம் மழை விட்டு மூன்று நாளாகியும் தண்ணீர் வடியவில்லை, கத்தரியும் மிளகாயும் மஞ்சளாகின்றன, ஒரு லோடு மணல் கொட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொட்டாதீர்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் காய்ந்ததும் கல்லு மாதிரி இறுகிவிடும். வியாசர்பாடியில் இருந்தபோது நான் அதைச் செய்துவிட்டு அடுத்த கோடையில் கடப்பாறையோடு நின்றேன்.

முதலில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஊறி வந்தால் நிலத்தடி நீரே மேலே ஏறி நிற்கிறது, அப்போது கீழே எதைப் போட்டாலும் வடியாது. ஊறவில்லை, ஆனால் குழியில் ஊற்றிய தண்ணீர் மறுநாளும் அப்படியே கிடக்கிறது என்றால் மண் இறுக்கம்தான். அழுகின முட்டை வாடை வருகிறதா என்றும் பாருங்கள், வந்தால் வேருக்குக் காற்றே போகவில்லை.

எதுவானாலும் பாத்தியை உயர்த்துவதுதான் வழி. ஹாலோ பிளாக்கை சிமென்ட் இல்லாமல் இரண்டு வரிசை அடுக்கி, செம்மண்ணும் நன்றாக மக்கிய எருவும் நிரப்புங்கள். அடியில் ஜல்லி பரப்பச் சொல்வார்கள், வேண்டாம். தண்ணீர் அதற்கு மேலேயே தேங்கும். தென்னை நார்க்கழிவும் அதிகம் போடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம், ரோடு போட்டுப் போட்டு உங்கள் தெரு வீட்டைவிட உயர்ந்திருந்தால் தெருப்பக்கம் வாய்க்கால் வெட்டாதீர்கள், தண்ணீர் எதிர்த்து உள்ளே வரும். மூலையில் ஒரு குழிக்குத் திருப்பி மோட்டார் வைத்து இறையுங்கள்.

இப்போதைக்கு ஈர மண்ணை மிதிக்காதீர்கள், உரமும் வேண்டாம். அடித்தண்டு கறுத்த மிளகாயைப் பிடுங்கிவிடுங்கள்.