தலைசுற்றல் சிகிச்சைக்குப் போகும் முன்...

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே அறை சுற்றுகிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கின்றன, தலையைத் திருப்பியே சரிசெய்யலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். சர்க்கரையும் கழுத்துத் தேய்மானமும் உண்டு. எப்படித் தயாராவது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மாத்திரையைக் கவனியுங்கள். தலைசுற்றலுக்கு சின்னரிசின், புரோகுளோர்பெராசின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா? எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்; பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். தலையைச் சாய்த்ததும் கருவிழி துடிக்கும். அதைப் பார்த்துத்தான் எந்தக் காது, அதன் உள்ளே எந்த அரைவட்டக் குழலில் துகள் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். மாத்திரை அந்தத் துடிப்பை அமுக்கிவிடும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குமட்டல் வரலாம் என்பதால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். பட்டினியும் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். கொண்டை போட்டால் தலை சரியாகச் சாயாது, தளரப் பின்னிவிடுங்கள்.

கழுத்துத் தேய்மானத்தைப் படுக்க வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறையில், தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, மேசை விளிம்புக்குக் கீழே சற்றே தொங்கும்படி மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கழுத்து வளையாதவர்களுக்கு மேசையையே சாய்த்துச் செய்ய முடியும். விழித்திரை விலகல், பக்கவாதம் முன்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

படுத்த சில நொடிகளில் சுற்றல் வரும். வர வேண்டும்! பலரும் பயந்து கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள், எழுந்திருக்கவும் பார்க்கிறார்கள். கண்ணைத் திறந்தே வைத்திருக்கும்படி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி, உடலையும் அதே பக்கம் ஒருக்களிக்க வைத்து, மூக்கு தரையைப் பார்க்கும்வரை கொண்டுபோவார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். உட்கார வைக்கும்போது திடீரென்று தள்ளும். தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், உடனே நிற்க விடாதீர்கள்.

வீடியோ பார்த்து நீங்களே முயல வேண்டாம். பக்கம் மாறினால் பலன் கிடையாது. துகள் வேறு குழலுக்குள் போய்விடவும் கூடும்.

அன்று தனியாக அனுப்பாதீர்கள். ஓரிரு நாள் லேசான தள்ளாட்டம் இருக்கலாம். உட்கார்ந்தே தூங்க வேண்டியதில்லை, கழுத்துப் பட்டையும் தேவையில்லை. சுற்றல் தொடர்ந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். ஆனால் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், திடீர்க் கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவர் வரச் சொன்ன தேதிவரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.