கருந்துளைக்குப் பக்கத்தில் போனால்: கேள்வி பதில்

கேள்வி (குடியாத்தம், பிளஸ் டூ மாணவர்): சார், கருந்துளையில் விழுந்தால் உடம்பு நூடுல்ஸ் மாதிரி இழுபடும்னு சொல்றாங்க. எல்லாக் கருந்துளையிலும் அப்படித்தானா?

பதில்: இல்லை தம்பி, சின்னதுதான் கொடியது. கால் கீழாக விழுகிறீர்கள் என்றால் கால் மையத்துக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கும், அதனால் தலையைவிடக் காலை அதிகம் இழுக்கும். இந்த வித்தியாசம்தான் ஓத விசை. ஈர்ப்பு மாறிலி, கருந்துளையின் நிறை, உங்கள் உயரம் மூன்றையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, மையத்திலிருந்து உள்ள தொலைவின் மும்மடியால் வகுங்கள்.

சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளை என்றால் நிகழ்வு எல்லையின் (தாண்டினால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லை) ஆரம் சுமார் 30 கி.மீ. 1.7 மீட்டர் உயர ஆளுக்கு அங்கே தலைக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் புவியீர்ப்பைப் போல் சுமார் 1.8 கோடி மடங்கு. அதுவரை உயிரோடு போகவே முடியாது, 3,500 கி.மீ. தள்ளியே 10 மடங்கைத் தொட்டுவிடும்.

பால்வீதி மையத்தில் இருப்பதற்கு 43 லட்சம் சூரிய நிறை, ஆரம் 1.27 கோடி கி.மீ. அதன் எல்லையில் வித்தியாசம் புவியீர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எல்லையைத் தாண்டியதே தெரியாது. ஆனால் சுழலாத கருந்துளையாக வைத்துக்கொண்டால், தாண்டிய பிறகு மையத்தில் போய் முடிய அதிகபட்சம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

கணக்குப் போடும்போது கி.மீ.யை மீட்டராக்க மறக்காதீர்கள். ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் விடை எட்டில் ஒரு பங்காகிவிடும்.

கேள்வி (ஆம்பூர்): ஒரு நட்சத்திரமே மாட்டினால்?

பதில்: சூரியனைப் போன்ற ஒன்று பால்வீதி மையக் கருந்துளையை சுமார் 11 கோடி கி.மீ.க்குள் நெருங்கினால் கிழிந்துவிடும். ஏறக்குறைய பாதி வாயு வெளியே வீசப்படும், மீதி சுற்றிவந்து விழும். 10 கோடி சூரிய நிறைக்கு மேற்பட்ட கருந்துளை என்றால் கிழிக்காமல் முழுசாகவே விழுங்கிவிடும்.

கேள்வி (சத்துவாச்சாரி): ஒளியே தப்பாது என்றால் எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது?

பதில்: எல்லைக்கு வெளியே இருந்து. வாயு நேராக விழாது. சுழன்று தட்டாகப் படியும், உராய்ந்து கோடி டிகிரி வரை கொதிக்கும். நட்சத்திரங்களை எரிய வைக்கும் ஹைட்ரஜன் இணைவில் நிறையின் 0.7 சதவீதமே ஆற்றலாகும். இங்கே, சுழலாத கருந்துளையில், விழும் வாயுவின் நிறையில் 6 சதவீதம். வேகமாகச் சுழலும் கருந்துளையில் 42 வரை போகலாம்.

கேள்வி (வாணியம்பாடி): காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் பால்வீதி மையக் கருந்துளை தெரியுமா ஐயா?

பதில்: தெரியாது. கண்ணாடியின் அளவு காரணமல்ல, இடையில் உள்ள தூசி. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வருகிறது. அகச்சிவப்பும் ரேடியோவும்தான் வழி. 2022இல் வெளியான படமும் ரேடியோவில் எடுத்ததே.

ஜவ்வாது மலையில் இருட்டான இடம் கிடைத்தால் சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை பக்கம் திரும்புங்கள். கருந்துளை தெரியாது. ஆனால் 5.6 நாளுக்கு ஒருமுறை அதோடு சேர்ந்து சுற்றும் நீல நட்சத்திரம் ஒளி அளவு (எண் கூடக் கூட மங்கல்) 9 என்பதால் 4 அங்குலத் தொலைநோக்கியிலேயே சிக்கும். அக்டோபரில் மழை விட்ட மாலை, வடக்கே உயரத்தில் ஈட்டா சிக்னி என்ற நட்சத்திரத்தைப் பிடித்து, அரை டிகிரிக்குள் கிழக்கே தேடுங்கள்.