மோரிஸ் மைனரின் தரையை வெட்டுவதற்கு முன்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டில் நிற்கும் தாத்தாவின் திறந்த மோரிஸ் மைனர் காருக்குத் தரைத் தகரத்தை மொத்தமாக வெட்டி மாற்ற டிங்கர் சொல்கிறார், ஆர்.சி. புத்தகமோ தாத்தா பெயரில், எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

வெட்டுவதை நிறுத்துங்கள். இந்த வண்டிக்கு லாரி மாதிரித் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, தகரக் கூரையும் இல்லை. கதவுக்கடியில் ஓடும் பெட்டித் தகரம்தான் பெரும்பாரம் தாங்குகிறது. அம்பாசமுத்திரத்தில் என் வண்டியை முட்டுக் கொடுக்காமல் வெட்டிவிட்டார்கள். நடுவில் தொய்ந்து, கதவின் மேல் ஓரத்தில் விரல் நுழைந்த சந்தில் அப்புறம் தபால் அட்டைகூட நுழையவில்லை. வயிறெரிந்தது. இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடித்த பிறகே தகரத்தைத் தொடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம்.

பேர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு படிவம் 31. வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் 2021 விதிப்படி விண்டேஜ் (பாரம்பரியப் பழைய) வண்டியாகவும் பதியலாம், பழைய எண்ணும் நிலைக்கும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றமும் கூடாது. அதனால் மாற்றவில்லை, பழையபடியே சரிசெய்தோம் என்று காட்ட, வெட்டும் ஒவ்வொரு துண்டையும் படம் எடுங்கள். தாத்தா வைத்திருந்த பழைய வரி ரசீதுகளைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.