சாலைக்கு அடியில் உலைக்குழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெளிநாடுகளில் சாலை போடுமுன் தோண்டியபோது பழைய இரும்பு உலைக்குழிகள் கிடைத்ததாகச் செய்தி வருகிறதே. வெறும் கருப்புத் திட்டைப் பார்த்து, இது அடுப்பில்லை, உலைதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?
- சாலைக் கட்டுமான மேற்பார்வையாளர், ஈசூன்

பதில்: கருப்பை மட்டும் நம்பி யாரும் சொல்வதில்லை. மேல்மண்ணை எடுப்பது நீங்கள் பார்க்கும் அதே எக்ஸ்கவேட்டர்தான். ஆனால் பல் இல்லாத அகலமான பக்கெட்டை மாட்டி, வண்டியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே, ஒரு தடவைக்கு 5 முதல் 10 செ.மீ. மட்டும் சீவுவார்கள். பல் பட்டால் மண் கீறிக் குழம்பி, குழியின் விளிம்பு தெரியாமல் போய்விடும். சீவிய தரையில் வண்டியை ஏற்றவும் கூடாது. திட்டு தெரிந்ததும் இயந்திரம் ஒதுங்கும், கரணை இறங்கும்.

குழிக்கு நடுவே கயிறு கட்டி ஒரு பாதியை மட்டும் தோண்டுவார்கள். மறு பாதியின் வெட்டுமுகத்தில் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். வரைந்து, படமெடுத்த பிறகே அதையும் எடுப்பார்கள். அங்கே முதலில் பார்க்க வேண்டியது பக்கச் சுவர். களிமண் செங்கல்போலச் சிவந்து, உள்முகம் கண்ணாடிபோல உருகியிருந்தால் உலை அங்கேயே எரிந்திருக்கிறது. சுவர் வேகாமல் உள்ளே கிட்டம் (இரும்பு வேலையில் உருகி உறையும் கழிவு) மட்டும் கிடந்தால் அது குப்பைக்குழி.

அடுத்தது கிட்டம். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்த உலைகள் அவ்வளவு எட்டியதில்லை. 1,200 டிகிரி வாக்கில் கிட்டம் உருகி இறங்க, இரும்பு பஞ்சுபோன்ற கட்டியாக நின்றுவிடும். கட்டியைக் கொல்லர் கொண்டுபோய்விட்டார், நமக்கு மிச்சம் கிட்டம்தான். அது கயிறு கயிறாக வழிந்து உறைந்திருந்தால் தாதுவை உருக்கிய இடம். இட்லிபோல அடி குவிந்த வில்லையாக இருந்தால் பெரும்பாலும் கொல்லுப்பட்டறை.

கேள்வி: காந்தம் ஒன்று போதும், பட்டறையைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா?
- பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பாதி உண்மை. சூட்டிரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது மில்லிமீட்டர் அளவில் செதில்களும் குட்டி உருண்டைகளும் தெறிக்கும். தரையை 50 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு 200 கிராம் மண் எடுத்து, நன்றாக உலர்த்த வேண்டும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் துழாவுங்கள்; பிறகு பையிலிருந்து காந்தத்தை உருவினால் ஒட்டியதெல்லாம் கொட்டிவிடும். நேராகத் துழாவினால் காந்தத்தைச் சுத்தம் செய்தே நாள் போகும். ஒட்டியதன் எடை அதிகமான கட்டங்களுக்குப் பக்கத்தில்தான் பட்டடை (சூட்டிரும்பை வைத்து அடிக்கும் மேடை) இருந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், சுட்ட களிமண்ணும் சில இயற்கை மணல்களும்கூடக் காந்தத்தில் ஒட்டும். லென்ஸில் பார்த்து, நீலக்கருப்பில் பளபளக்கும் தட்டைச் செதிலை மட்டும் எண்ணுங்கள். மண்ணை முதலில் தண்ணீரில் அலசிவிட்டால் செதில் சேற்றோடு போய்விடும். பலர் தவறுவது இங்கேதான்.

கேள்வி: மலேசியாவின் கெடாவில் பழைய இரும்பு உலைகள் கிடைத்த சுங்கை பத்து பார்க்கப் போயிருந்தோம். ஏன் அத்தனை மண்குழாய்கள்? கரியை வைத்துச் சொல்லும் வயதை நம்பலாமா?
- இல்லத்தரசி, செங்காங்

பதில்: அவை துருத்திக் காற்றை உலைக்குள் கொண்டுபோன ஊதுகுழல்கள். முனை நெருப்பிலேயே இருப்பதால் உருகி அடைத்துக்கொள்ளும். அடிக்கடி மாற்றியதால் குவிந்துவிட்டன.

கரி சொல்வது மரம் வளர்ந்த காலத்தை, உலை எரிந்த காலத்தை அல்ல. பெருமரத்தின் வைரக்கட்டையாக (நடுவில் உள்ள பழைய கட்டை) இருந்தால் நூறாண்டுகள்கூடப் பிசகும். அதனால் சுள்ளிக் கரியைத் தேடி எடுத்து, பஞ்சு படாமல் அலுமினியத் தாளில் மடிப்பார்கள். கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்துக்கு இன்னொரு தொல்லை: கரியில் அளந்த கதிரியக்கக் கார்பனை ஆண்டுக் கணக்குக்கு மாற்றும் வளைகோடு அங்கே தட்டையாகக் கிடப்பதால், ஒரே கரித்துண்டுக்குப் பல நூற்றாண்டு இடைவெளி வரும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்த கரி ஒன்றுக்கு கி.மு. 3345 என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோதும், எங்கள் முதல் கேள்வி எத்தனை மாதிரிகள் என்பதுதான்.

வெந்த சுவரில் பதிந்த பூமியின் காந்தத் திசையை அளந்தும் காலம் சொல்லலாம். அதற்குச் சுவர் இருந்த இடத்திலேயே திசையைக் குறித்து மாதிரி எடுக்க வேண்டும். பக்கெட் ஒருமுறை இடித்துச் சுவர் நகர்ந்துவிட்டால் அந்த மாதிரி வீண்.