பெண்ணுக்கு மைனிங் இன்ஜினியரிங் சரிப்பட்டு வருமா?

மகளுக்குக் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் மைனிங் கிடைக்கும் போலிருக்கிறது, அவளும் ஆசைப்படுகிறாள், ஆனால் சொந்தக்காரர்கள் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சுரங்கம், பேசாம ஏதாவது ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து விடுங்க" என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்பு, ராத்திரி ஷிப்ட், கல்யாணம் மூன்றையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். அதே கிண்டியில் அதே மைனிங் படித்துவிட்டு அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவள் நான். எனக்கு முன்னால் வந்த பதில்களைப் படித்தேன். "பெண்கள் எதையும் சாதிப்பார்கள்" என்று பாதிப் பேர், "பின்னால் வருத்தப்படுவீர்கள்" என்று மீதிப் பேர். ஒருத்தர்கூட குவாரிக்குள் கால் வைத்த மாதிரி தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கியிருப்பேன்.

சுரங்கம் என்றதும் இருட்டுக் குகை, தலையில் விளக்கு என்று நினைத்திருப்பீர்கள். நம் ஊரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி, அரியலூர் சுண்ணாம்புக்கல், சேலம் மேக்னசைட் எல்லாமே திறந்தவெளிதான். பெரிய படிக்கட்டு மாதிரி பெஞ்ச் வெட்டிக்கொண்டு கீழே இறங்குவோம். உங்கள் மகளுக்கு இங்கே முதல் எதிரி இருட்டு இல்லை, மே மாத வெயில். பூமிக்கடியில் போக வேண்டுமென்றால் ஜார்க்கண்ட், ராஜஸ்தான், தெலங்கானா என்று கிளம்ப வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். விஷயம் இதுதான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1952 ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, பெண்களைப் பூமிக்கடியில் வேலைக்கு வைக்கவே கூடாது, மேலே என்றாலும் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் என்றது. 2019இல் மத்திய அரசு அறிவிக்கை போட்டு அதைத் தளர்த்தியது. திறந்தவெளிச் சுரங்கத்தில் ராத்திரியும் வேலை பார்க்கலாம், பூமிக்கடியில் பகலில் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்புகளில் இருக்கலாம், எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்றது அந்த அறிவிக்கை. அதிலேயே ஒரு நிபந்தனை, ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பெண்களாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்று. பாதுகாப்புக்காகத்தான் வைத்தார்கள், தப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சுரங்கத்துக்கே ஒரே ஒரு பெண் இன்ஜினியர் இருக்கிற இடத்தில் மூன்று பேருக்கு எங்கே போவது? அவளுக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாது என்று ஆனது. உடனே கூட வேலை பார்க்கிற பையன்கள் "உனக்கென்ன, ஜாலி" என்று ஆரம்பித்தார்கள். இதை உங்கள் மகள் கேட்கத்தான் போகிறாள், இப்போதே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. பெண்கள் சுரங்கத்துக்குப் புதிதாக வந்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம் வரும். ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் அந்தக் காலத்தில் புருஷன் வெட்ட, பெண்டாட்டி கூடையில் சுமந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 1937இல் பூமிக்கடியில் பெண்கள் கூடாதென்று நிறுத்தினார்கள். உலகப் போரில் நிலக்கரிக்கு ஆள் போதவில்லை என்றதும் 1943இல் திரும்ப உள்ளே விட்டார்கள். போர் முடிந்ததும் 1946இல் மறுபடி வெளியே. அவசரத்துக்கு மட்டும் பெண்களுக்கு ஆபத்து இல்லை போலிருக்கிறது. இன்றைக்கும் கல் குவாரியில் ஜல்லி உடைக்கிற அம்மாவைப் பார்த்து யாரும் "பெண்ணுக்கு இது சரிப்பட்டு வருமா" என்று கேட்பதில்லை. மேனேஜர் நாற்காலி என்றால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. உங்களைச் சொல்லவில்லை சார், பொதுவாகச் சொல்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு உபயோகமானது இதுதான்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த பையன்களை நேராகக் குவாரிக்கு அனுப்பினார்கள். என்னைப் பிளானிங் ஆபீஸில் உட்கார வைத்து ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். மேனேஜர் நல்ல மனுஷன், தன் மகளைப் போலத்தான் நினைத்தார், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. "வெயில்ல எதுக்கும்மா கஷ்டம்? ஏசில உக்காந்து டிசைன் போடு" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் துறையில் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு மேனேஜர் ஆக முடியாது. தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் நடத்துகிற தேர்வில் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு மேனேஜர் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே களத்தில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும், அதை நம் மேனேஜர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பையன்களுக்குத் துளையிடுவது, வெடி வைப்பது, கல் ஏற்றுகிற டம்பர் லாரி ஓட்டம் என்று வரிசையாக எழுதிக் கொடுப்பார். எனக்கு என்னவென்று எழுதுவார்? ஏசி ரூமில் கோடு போட்டாள் என்றா?

போய்க் கேட்டேன். "கீழ லேடீஸ் டாய்லெட் இல்லையேம்மா" என்றார். ஏன் சார் இல்லை? "கீழதான் லேடீஸே இல்லையே."

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் குவாரியில் மேல்மண்ணைக் கொட்டி வைத்திருக்கிற டம்ப் மேட்டில் மரக்கன்று நடுவது, தண்ணீர் ஊற்றுவது, பாதையில் சிதறின கல்லைப் பொறுக்குவது எல்லாம் செய்வது சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள். ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்கள். வருஷக்கணக்காக வருகிறார்கள். காலையில் தண்ணீர் குடித்தால் வேலை நேரத்தில் ஒதுங்க வேண்டியிருக்கும் என்று, அந்த வெயிலில், மதியம் வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். முடியாதபோது ஒருத்தி சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்ள இன்னொருத்தி சீமைக்கருவேல மறைவுக்குப் போவாள். டம்பர் வருகிறதா என்று பார்க்க மூன்றாவதாக ஒருத்தி நிற்பாள். இவர்களை வைத்துக்கொண்டுதான் "கீழ லேடீஸே இல்லை".

1955 ஆம் ஆண்டு சுரங்க விதிகளில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டுமென்று இருந்தது. ஒரு கடிதம் எழுதினேன், விதியைக் குறிப்பிட்டு, களப்பணி வேண்டும் என்பதையும் சேர்த்து. வாயால் கேட்பது வேறு, வந்து சேர்ந்தது என்று இன்வர்ட் சீல் குத்தின கடிதம் வேறு. ஃபைலில் ஒரு காகிதம் உட்கார்ந்துவிட்டால் சுரங்க இன்ஸ்பெக்டர் வரும்போது அதுவும் கண்ணில் படும் என்று அவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நாள் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு தகரக் கேபின் வந்து இறங்கியது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, அதற்குத் தனியாக நடக்க வேண்டியிருந்தது, அது இன்னொரு கதை.

குவாரியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், பாறைக்கு வெடி வைக்கிற பிளாஸ்டர் அண்ணன் ஒருவர். பத்தாவது தாண்டாதவர். துளை போட்ட மண்ணைக் கையில் அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தே கீழே களிமண் பட்டை இருக்கிறதா என்று சொல்வார். அப்படிப் பட்டை இருக்கிற இடத்தில் வெடிமருந்து நிரப்பினால் வேகம் அந்த வழியாகப் பிய்த்துக்கொண்டு கல் எங்கேயோ போய் விழும் என்று அந்த இடத்துக்கு மண்ணைப் போட்டு அடைத்துவிட்டு மேலே மருந்து போடச் சொல்வார். அந்த மருந்துக்கு அம்மோனியம் நைட்ரேட்டில் டீசல் 6 சதவீதம் என்று நான் புத்தகத்தில் படித்ததை அவர் நிறத்தையும் ஈரத்தையும் பார்த்தே பிடித்துவிடுவார். "பாப்பா, வெடிச்ச உடனே ஓடாத, புகை அடங்கட்டும், வெடிக்காத குழி இருக்கானு நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்பார். கடைசிவரை பாப்பாதான். எனக்கு அதில் வருத்தமே இல்லை, மேடம் மேடம் என்று கூப்பிட்டவர்கள்தான் என்னை ஆபீஸை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். எல்லா ஆண்களும் இப்படி என்று நான் எழுதவில்லை, கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். "சுண்ணாம்புக்கல் வெட்டி ஊரையே குழியாக்குகிறீர்களே" என்று கேட்கப் போகிறவர்களும் தனியாகக் கேள்வி போடுங்கள், சொல்வதற்கு எனக்கும் நிறைய இருக்கிறது.

பாதுகாப்பு கேட்டீர்கள். குவாரிக்குள் எனக்குப் பயம் வந்தது பின்னால் வருகிற டம்பரைப் பார்த்துதான், மனிதர்களைப் பார்த்து இல்லை. எல்லா இடமும் அப்படி என்று உத்தரவாதம் தர முடியாது. நான் அவமானப்பட்டதெல்லாம் வீடு வாடகைக்குத் தேடினபோது! மாடி போர்ஷன் காலி என்று போர்டு தொங்கும். போனால் "தனியாவா இருப்பீங்க? எத்தனை மணிக்கு வருவீங்க? அப்பா அம்மா வந்து தங்குவாங்களா?" என்று விசாரணைக் கமிஷன். ஷூவில் ஒட்டின வெள்ளைப் புழுதியைப் பார்த்துவிட்டு "என்ன வேலை" என்பார்கள், சொன்னதும் போர்ஷன் திடீரென்று அக்கா மகனுக்குப் போய்விடும். அதே போர்ஷனை அடுத்த வாரம் என்னோடு சேர்ந்த பையனுக்குக் கொடுத்தார்கள். அவன் ராத்திரி ஷிப்ட் முடித்து விடியற்காலையில் பைக்கை உறுமிக்கொண்டு வருவான், அது பரவாயில்லையாம். வாடகை வாங்குவதற்கு ஏன் சார் எங்கள் கற்பை ஆராய வேண்டும்? இதற்கும் மைனிங்குக்கும் சம்பந்தமில்லைதான், மனசு ஆறவில்லை, எழுதிவிட்டேன்.

கல்யாணம் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கல் இருக்கிற இடத்தில்தான் வேலை. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை என்றால் சுரங்கத்தைச் சென்னைக்கு மாற்ற முடியாது. இது பையன்களுக்கும் உள்ள கஷ்டம்தான், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

மகளிடம் சந்திராணி பிரசாத் வர்மாவைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். நாக்பூரில் நீதிமன்றம் வரை போய் இந்தப் படிப்பில் சேர்ந்து 1999இல் பட்டம் வாங்கினவர். ஆகான்க்ஷா குமாரி 2021இல் ஜார்க்கண்டின் சூரி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் சேர்ந்தார். 2019இல் சட்டம் தளர்வதற்கு முன் நிலத்தடி அனுபவம் கிடைக்க வழியே இல்லாததால், பெண்களுக்குத் திறந்தவெளிக்கு மட்டுமான சான்றிதழ்தான் வாய்த்தது. இன்றைக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.

சேரட்டும் சார். கேம்பஸ் இன்டர்வியூவில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் "என்னை எங்கே போடுவீர்கள், குவாரியிலா ஆபீஸிலா, அனுபவச் சான்றிதழ் எந்த வேலைக்குத் தருவீர்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். முதலுதவிச் சான்றிதழும் அந்த மேனேஜர் தேர்வுக்கு வேண்டும், படிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம். சேஃப்டி ஷூ அவள் அளவுக்கு ஸ்டோரில் இருக்காது, ஆண்கள் அளவைக் கொடுத்து இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம், பெஞ்ச் விளிம்பில் நிற்கும்போது கால் வழுக்கும்.

கட்ஆஃப் எவ்வளவு வேண்டும் என்று மட்டும் இன்பாக்ஸில் கேட்காதீர்கள், நான் பிளஸ் டூ எழுதின காலத்துக்கும் இப்போதைக்கும் சம்பந்தமே இல்லை. வேலையைப் பற்றிக் கேளுங்கள், ஷிப்ட் முடிந்து வந்து பதில் போடுகிறேன்.